ஸ்கிம்மெல்பென்னிங்க் ஒப்பமிட்ட ‘இலங்கை உத்தரவு’: முற்பணம் கொடுக்கலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “கொழும்புத் தரகர் ஒருவர் பழைய ஒல்லாந்தக் கடதாசி ஒன்று வைத்திருக்கிறார். 1805இல் இலங்கையை ஆங்கிலேயருக்குக் கையளித்து ஒல்லாந்த ராசா ஸ்கிம்மெல்பென்னிங்க் ஒப்பமிட்ட உத்தரவாம். சான்றிதழும் இருக்கிறது. இரண்டு லட்சம் ரூபா முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். கடதாசியைப் பார்க்காமலே சொல்கிறேன். தரகர் சொன்ன அந்த ஒரு வசனத்திலேயே மூன்று பிழைகள்.

முதலாவது, ருட்கெர் யான் ஸ்கிம்மெல்பென்னிங்க் ராசா அல்ல. 1761இல் தேவென்தரில் பிறந்த வழக்கறிஞர். 1784இல் லைடன் பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய ஆய்வேடே மக்களாட்சியைப் பற்றியதுதான். 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை வர, அதுவரை ஒல்லாந்தை ஆண்ட ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்கு ஓடினார். அம்ஸ்டர்டாமின் புதிய நகர நிர்வாகத்துக்கு ஸ்கிம்மெல்பென்னிங்க் தலைவரானார். பிறகு தேசிய மன்றம், அதன்பின் பாரிஸில் தூதர் பதவி. 1805 ஏப்ரல் 29 முதல் நாட்டுக்கே தலைவர். பதவியின் பெயர் ராட்பென்சியோனாரிஸ். அடுத்த ஆண்டு நெப்போலியன் தன் தம்பி லூயியை அங்கே அரசனாக்கப் புறப்பட்டபோது, அதற்கான ஒப்பந்தத்தை ஏற்க மறுத்து 1806 ஜூன் 4 அன்று விலகினார். அரசன் வேண்டாமென்று பதவியைத் துறந்தவரை ராசா என்று விற்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாவது, ஆண்டு. திருகோணமலையும் யாழ்ப்பாணமும் 1795இலேயே ஆங்கிலேயரிடம் போயின, கொழும்பு 1796 பெப்ரவரியில். சட்டப்படி இலங்கையை விட்டுக்கொடுத்தது 1802 மார்ச் 27, அமியான் உடன்படிக்கை. அதில் படேவியக் குடியரசின், அதாவது அன்றைய ஒல்லாந்தின் சார்பில் ஒப்பமிட்டவர் ஸ்கிம்மெல்பென்னிங்கேதான். தரகர்களுக்கு இந்த அரைகுறைச் செய்தி எங்கோ கிடைத்திருக்கிறது. அப்போது அவர் தூதர்தான், ஆட்சித் தலைவர் அல்ல. கூடவே பிரான்சின் ஜோசப் பொனபார்ட், இங்கிலாந்தின் கார்ன்வாலிஸ், ஸ்பெயினின் அசாரா ஆகியோரின் ஒப்பங்களும் உண்டு.

மூன்றாவது, அது நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை. அப்படி ஓர் ‘உத்தரவு’ கிடையாது. உடன்படிக்கையின் மூலப்பிரதி தரகரின் பெட்டிக்குள் வராது.

இனி, கடதாசியின் தலைப்பைத் தெளிவாகப் படம்பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். 1801 முதல் 1806 வரை அந்நாட்டின் பெயர் ஒல்லாந்த மொழியில் ‘பட்டாஃப்ஸ் கெமேனெபெஸ்ட்’, அதாவது படேவியப் பொதுநாடு. 1805 என்று திகதி போட்டு ‘ஹொலண்ட் இராச்சியம்’ என்று எழுதியிருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். எழுத்து விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பழைய புத்தகங்களின் வெற்றுத் தாள்களைக் கிழித்தெடுத்து எழுதுவதே மோசடிக்காரரின் வழக்கம். அதனால் தாளின் நீர்க்குறி சரியாகவே இருக்கக்கூடும், அதை மட்டும் நம்பாதீர்கள். மை பரவாமல் தடுக்கும் பசை செத்துப்போன பழைய தாளில் புது மை இறங்கினால் மயிரிழை மயிரிழையாகக் கசியும். இன்னொன்று, ராட்பென்சியோனாரிஸாக இருந்தபோது அவருடைய பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. அவரை நீக்க நெப்போலியனுக்கு அதுவும் ஒரு சாக்கு. 1805 என்று திகதியிட்ட தாளில் அச்சுப்போன்ற அழகான ஒப்பத்தைக் காட்டினால் எனக்குச் சந்தேகம் கூடும்.

ஒரேயொரு விலக்கு, அதைக் கவனமாகக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பின், அதாவது பதிவேட்டின், நகல் இருந்தால், அது வேறு கதை. ஆட்களைப் பதிந்த தோம்பு, காணிகளைப் பதிந்த தோம்பு இரண்டும் யாழ்ப்பாணத்தில் உண்மையாகவே இருந்தன. அதில் ஸ்கிம்மெல்பென்னிங்கின் பெயர் இருக்காது, இருக்கவும் கூடாது. உங்கள் ஊர்ப் பெயர், பாட்டன் பெயர், காணியின் பெயர் இருக்கும். பெரிய ஆள் ஒப்பம் இல்லையென்று சொல்லி அதைத் தரகர் அற்ப விலைக்குக் கேட்பார். கொடுக்காதீர்கள். ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், பிளாஸ்டிக்குள் அடைக்காதீர்கள், படம் எடுத்து வையுங்கள்.

அந்தச் சான்றிதழ் விற்பவரே அச்சடித்த தாள். ஹேக் தேசிய ஆவணக் காப்பகம் மின்வடிவாக்கிய ஆவணங்களை எவரும் காசில்லாமல் பார்க்கலாம். ‘எடுத்துத் தருகிறேன்’ என்று பணம் கேட்பவருக்கும் ஒரு சதம் வேண்டாம். அட்டவணை ஒல்லாந்த மொழியில் இருக்கிறது. இங்கே இலங்கையில் சாதாரண மனிதர் ஒரு பழங்கடதாசியோடு போய் ‘இது என்ன?’ என்று கேட்க ஒரு மேசை இல்லை. கேட்டால் விண்ணப்பம், அதற்கு மேல் இன்னொரு விண்ணப்பம். தரகர் பிழைப்பது இதனால்தான்.

தலைப்பும் ஒப்பமும் தெரியும் படங்களை எனக்கு அனுப்புங்கள். முற்பணத்துக்கு அவர் அவசரப்படுத்தினால் பேச்சை நிறுத்துங்கள்.