ஹெலன் மில்லிகன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஆளுநரின் மனைவி ஹெலன் மில்லிகன் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அவர் தேர்தலில் நின்று வந்தவரில்லை. ஆளுநரின் மனைவி என்பதால்தானே காட்டைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டார்கள்? கணவரின் பதவியை வைத்துச் செய்ததைப் பொதுவாழ்க்கை என்று பாராட்டலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பதவிதான் காரணம், மறுக்கவில்லை. அங்கே ஆளுநர் என்றால் நம் முதல்வரைப் போல மக்கள் ஓட்டால் ஆள்பவர். வில்லியம் மில்லிகன் 1969 முதல் 14 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். அந்த வீட்டிலிருந்து வரும் சொல்லுக்குக் கனம் இருக்கத்தான் செய்யும்.

அந்தக் கனத்தை ஹெலன் எதற்குப் பயன்படுத்தினார் என்று பாருங்கள். மிச்சிகனில் எல்க் மான் அடியோடு அழிந்த பிறகு, 1918இல் மேற்கிலிருந்து 7 மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் வழிவந்த மந்தைக்கு வீடு, பிஜன் ரிவர் என்ற அரசுக் காடு. 1970களில் அங்கே எண்ணெய் எடுக்கும் பேச்சு எழுந்தது. துளை போட வேண்டுமென்றால் சாலை வேண்டும், லாரி வரும், இரவு பகலாக இயந்திரம் ஓடும். மான் அந்தப் பக்கமே தலைகாட்டாது. கட்டுப்பாடுகளோடு கொஞ்சம் எடுக்கலாம் என்ற பக்கம் ஆளுநர் சாய்ந்தார். கூடாது என்றார் ஹெலன், வெளிப்படையாகவே.

எனக்கு இதுதான் முக்கியம். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் கணவர் காதில் போட்டுக் காரியம் சாதித்திருந்தால், உங்கள் கண்டனத்தில் நானும் சேர்ந்துகொள்வேன். காதில் போட்டதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. ஊரறியச் சொன்னதற்குச் சொல்லலாம்.

காட்டைக் காப்பாற்றியதும் அவர் மட்டுமல்ல. இயற்கைக்குக் கேடு வருமென்றால் எந்தக் குடிமகனும் நீதிமன்றம் போகலாம் என்றொரு சட்டம் அங்கே உண்டு. 1970இல் அதில் கையெழுத்திட்டவர் இதே மில்லிகன்தான். அதைப் பிடித்துக்கொண்டு சூழல் அமைப்பு வழக்குப் போட, 1979இல் மாநில உச்ச நீதிமன்றம் மான்களின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மறு வருடமே சமரசம் வந்துவிட்டது. காட்டின் தெற்கே மூன்றில் ஒரு பங்கில் மட்டும் எண்ணெய் எடுக்கலாம் என்றானது. முழு வெற்றி இல்லைதான். ஆனால் மீதிக் காடு தப்பியது, அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. பெண்களுக்குச் சம உரிமை தர அமெரிக்க அரசியல் சட்டத்தில் கொண்டுவரப் பார்த்த திருத்தத்தை 1980இல் கணவரின் கட்சியே கைவிட்டது, அதுவும் மிச்சிகனின் டெட்ராய்ட்டில் கூடிய மாநாட்டில். அப்போதும் ஹெலன் திருத்தத்தின் பக்கமே நின்றார்.

1983இல் ஆளுநர் மாளிகையை விட்டு டிராவர்ஸ் சிட்டிக்குத் திரும்பினார்கள். 2012இல் இறக்கும்வரை ஹெலனுக்குக் கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் இருந்தன. நெடுஞ்சாலையோர விளம்பரப் பலகைகளை எதிர்த்து அவர் செய்துவந்த வேலை அப்போதும் நிற்கவில்லை. கணவருக்கு அந்த நாட்களில் எந்த அரசுப் பதவியும் இல்லை.