யோசிக்கிறேன் என்பதற்கு 'ரூமினேட்' என்று எழுதலாமா?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். பதவி உயர்வுடன் புனே கிளைக்குச் செல்லச் சம்மதமா என்று மேலாளர் கேட்டிருந்தார். ஆழ்ந்து யோசித்து வருகிறேன் என்ற பொருளில் 'ஐ ஆம் ரூமினேட்டிங் அபௌட் யுவர் ஆஃபர்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். அவரோ தொலைபேசியில் அழைத்து, ஏதேனும் மனக்கஷ்டமா என்று விசாரித்தார். நான் படித்த பயிற்சி மையத்தின் பட்டியலில் 'ஆழ்ந்து சிந்தித்தல்' என்பதன்கீழ்தான் இச்சொல் இருக்கிறது. பிழை எங்கே?

பதில்: பிழை உங்களுடையது அன்று, அந்தப் பட்டியலுடையது. 'ரூமினேட்' என்பது மாடு அசைபோடுவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் பழைய நினைவுகளை அசைபோடுவது இனிமையான காரியம். ஆங்கிலத்திலோ, 1991-இல் அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா, தன் துயரையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருப்பது மனச்சோர்வை நீடிக்கச் செய்கிறது என்று எழுதும்போது பயன்படுத்திய சொல் இதுதான். இன்று இச்சொல்லைக் கேட்பவருக்கு விடை காணாமல் உள்ளுக்குள் புழுங்கும் ஒருவரே பெரும்பாலும் நினைவுக்கு வருவார். மேலாளர் கவலைப்பட்டதில் வியப்பில்லை.

உங்களுக்கு வேண்டிய சொல் 'கன்சிடர்'. எளிய சொல்லாயிற்றே என்று தயங்காதீர்கள். முடிவெடுப்பதற்காக யோசிப்பதை அலுவலக ஆங்கிலம் இப்படித்தான் சொல்கிறது. இதன்பின் 'அபௌட்' சேர்க்கக் கூடாது. 'கான்டெம்ப்ளேட்' என்று எழுதினால் அந்த எண்ணம் ஏற்கெனவே மனத்தில் உருவாகிவிட்டது போலத் தொனிக்கும்; ராஜினாமாவை 'கான்டெம்ப்ளேட்' செய்கிறேன் என்பவர் பாதி கிளம்பிவிட்டவர். 'பாண்டர்' எடையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் 'சீர்தூக்கிப் பார்த்தல்' போல அழகானதுதான், ஆனால் மின்னஞ்சலில் சற்று இலக்கிய வாடை வீசும்.

'டெலிபரேட்' என்ற சொல்லில் மட்டும் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனெனில் பட்டியல்கள் இதில்தான் அதிகம் ஏமாற்றுகின்றன. வினைச்சொல்லாக வரும்போது கடைசி அசை 'ரேட்' என்று ஒலிக்கும். பலர் கூடி விவாதித்து முடிவுக்கு வருவதை, குறிப்பாக ஜூரிகளும் குழுக்களும் செய்வதைச் சொல்ல இது ஏற்றது. அதே எழுத்துகள் பெயரடையாகும்போது ஒலி 'ரட்' என்று குறுகி, 'வேண்டுமென்றே செய்த' என்ற பொருள் வந்துவிடும். 'டெலிபரட் டிலே' என்று நீங்கள் எழுதினால், நன்கு யோசித்ததால் ஏற்பட்ட தாமதம் என்று யாரும் படிக்க மாட்டார்கள், வேண்டுமென்றே இழுத்தடித்தீர்கள் என்றே படிப்பார்கள். ஆனால் இதே பெயரடை ஒருவரின் நடையையோ பேச்சையோ குறித்தால், 'நிதானமான' என்ற நல்ல பொருளையும் தரும். பட்டியலின் ஒற்றை வரியில் இவ்வளவும் அடங்காது.

பத்துச் சொற்களை ஒரே பொருளுக்கு நேராக எழுதி, மனப்பாடம் செய்தால் ஆங்கிலம் வந்துவிடும் என்று பணம் வாங்கும் மையங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஒரு சொல்லை எந்த வாக்கியத்தில், யாரிடம் சொல்லலாம் என்று காட்டாத பட்டியலுக்கு ஒரு ரூபாயும் தரத் தேவையில்லை. மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. போன்ற தேர்வுகளும் ஒரே பொருள் தரும் சொல் எதுவென்று நான்கு விடைகளைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை இந்த வியாபாரம் ஓயாது. பதினைந்து ஆண்டு ஆங்கிலம் படித்த பிள்ளைகள் ஒரு மின்னஞ்சலுக்குத் தடுமாறுவதைப் பார்த்தும் அந்தக் கேள்விமுறையை மாற்ற மனம் வரவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

விளக்கம் சொல்லி நீண்ட மடல் எழுத வேண்டாம். 'ஐ ஆம் கன்சிடரிங் யுவர் ஆஃபர் கேர்ஃபுல்லி அண்ட் வில் ரிப்ளை பை ஃபிரைடே' என்று ஒரே வரி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்ய இயலாதெனில், இயலக்கூடிய நாளைக் குறிப்பிடுங்கள்.