முயலுக்குக் கோட்டு மாட்டிவிட்டது யார்?

என் பேத்தி பீட்டர் ராபிட் கதையைத் தினமும் படிக்கச் சொல்லி உயிரை எடுக்கிறாள். எழுதியவர் யார், படம் வரைந்தவர் யார்?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

இரண்டும் ஒரே ஆள்தான். பியட்ரிக்ஸ் பாட்டர், 1866ல் லண்டனில் பிறந்தவர். வசதியான வீடு, பள்ளிக்கூடம் போகவில்லை, டீச்சர் வீட்டுக்கே வந்து பாடம் சொன்னார். அப்படி வந்த ஒரு டீச்சரின் ஐந்து வயது மகன் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, 1893 செப்டம்பரில் அவனுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து, என்ன எழுதுவதென்று தெரியவில்லை, அதனால் நாலு முயல்குட்டிகளின் கதை சொல்கிறேன் என்று ஆரம்பித்து, நடுநடுவே படம் போட்டு அனுப்பினார். அதுதான் பின்னால் புத்தகமானது. பதிப்பாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கையை விரிக்க, 1901ல் கைக்காசு போட்டு 250 பிரதி அச்சடித்தார். அடுத்த வருஷமே ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணத்தில் கொண்டுவந்தது.

முயலுக்குச் சட்டை போட்டு மனுஷன் மாதிரி நடமாடவிட்டால், குழந்தைகள் விலங்குகளைப் பற்றித் தப்பாகத்தானே கற்றுக்கொள்வார்கள்?
- ஒரு வாசகர், திருச்சி

வரைகிறவருக்கு விலங்கைத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்வது சரி. இவருக்கு நன்றாகவே தெரியும். சின்ன வயதில் அவரும் தம்பியும் வீட்டுக்குள்ளேயே முயல், எலி, முள்ளெலி, வௌவால் என்று வளர்த்தார்கள். செத்துப்போனதை வேகவைத்து எலும்புக்கூட்டை எடுத்து அதையும் வரைந்து பழகினார்கள் (சாப்பிடும்போது படிக்கிறவர்கள் மன்னிக்கவும்). காளான் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1897ல் இயற்கை ஆய்வாளர்களின் அமைப்பான லண்டன் லின்னேயன் சங்கத்துக்குப் போனது. கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் வேறொருவர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இப்போது அந்தச் சட்டைக்கு வருவோம். தோட்டக்காரர் மெக்ரெகர் துரத்த, பீட்டர் ஓடுகிற பக்கங்களை எடுத்துப் பாருங்கள். ஒரு ஷூ முட்டைக்கோஸ் பாத்தியில் விழுகிறது, இன்னொன்று உருளைக்கிழங்குச் செடிகளுக்கு நடுவில். ஷூ போனதும் நாலு காலில் ஓடுகிறான், வேகம் கூடுகிறது. தப்பியே இருப்பான், ஆனால் பழச்செடிக்குப் போட்ட வலையில் அந்தப் புது நீலக் கோட்டின் பெரிய பித்தளைப் பொத்தான்கள் சிக்கிக்கொள்கின்றன. கோட்டை உதறிவிட்டு ஓடினால்தான் உயிர். துணி கழலக் கழல அவன் முழு முயலாகிவிடுகிறான். இதைவிட நேர்மையாக ஒரு விலங்கை எப்படிக் காட்டுவது? கொஞ்சிக் குழைகிற கதையும் இல்லை இது, அப்பா முயலை மெக்ரெகர் வீட்டில் சமைத்துவிட்டார்கள் என்று தாய் முயல் ஆரம்பத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறாள். வரைவதில் மனித உருவங்கள்தான் பாட்டருக்குச் சுமாராக வரும்.

அரசுப் பள்ளி ஆசிரியை நான். இந்தக் கதையைத் தமிழாக்கி, அவருடைய படங்களோடு சின்னப் புத்தகமாகப் போட அனுமதி வாங்க வேண்டுமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைதான் காப்புரிமை. அவர் இறந்தது 1943 டிசம்பரில், ஆக 2003 முடிவோடு இங்கே தீர்ந்துவிட்டது. ஆனால் மூலப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுங்கள், பிற்பாடு வந்த சினிமா முயலைத் தொடாதீர்கள். பொம்மை, பென்சில் பெட்டி என்று வியாபாரத்தில் இறங்கினால் டிரேட்மார்க் வந்து நிற்கும், வக்கீலைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அம்மணி அதில் கெட்டிக்காரர். அமெரிக்காவில் பதிப்பாளர் காப்புரிமை பதியாமல் விட்டதால் அங்கே திருட்டுப் பதிப்புகள் வர, இங்கிலாந்தில் 1903லேயே பீட்டர் பொம்மையைத் தன் பெயரில் பதிவு செய்துவிட்டார். புத்தக வருமானத்தில் வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் (லேக் டிஸ்ட்ரிக்ட்) பண்ணை பண்ணையாக வாங்கி, கடைசியில் 4,000 ஏக்கருக்கு மேல், நிலங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார்.

காகிதச் செலவு பார்த்து ஒரே பக்கத்தில் நாலு படத்தை அடைக்காதீர்கள். ஒரு பக்கம் படம், எதிர்ப்பக்கம் சில வரி, குழந்தை கைக்கு அடங்குகிற அளவு, இதெல்லாம் அவர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது. அப்புறம், குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று அப்பா முயல் வரியை வெட்டிவிடாதீர்கள்.