வாசல் வரைக்கும் வரும் பாத்திரங்கள்

அன்புள்ள ஐயா,

சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களில் தமிழர் வந்தால் கொச்சைச் சிங்களம் கதைக்கும் வேலையாளாக வருகிறார், இல்லாவிட்டால் சந்தேக நபராக. இந்தியத் தொடர்களும் எங்களை விட்டுவைக்கவில்லை. நாங்கள் சிலர் சேர்ந்து யூடியூப்பில் போட ஒரு தொடர் எழுதுகிறோம். தமிழரைப் படித்தவராக, நல்லவராகக் காட்டினால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். போதுமா?

எஸ்., உப்புவெளி

அன்புள்ள எஸ்.,

போதாது. 1968இல் அமெரிக்காவின் என்பிசியில் ‘ஜூலியா’ என்ற தொடர் வந்தது. டயான் கரோல் அதில் கறுப்பினத் தாதி. கணவன் வியட்நாமில் இறந்துவிட்டான், சின்ன மகன் ஒருவன். கறுப்பினப் பெண்களைப் பெரும்பாலும் வேலைக்காரிகளாகவே காட்டிய திரையில் அது பெரிய விஷயம்தான். ஆனாலும் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு நகரங்கள் எரிந்த ஆண்டு அது. இவள் வீட்டுக்குள் மட்டும் அந்தப் புகை வரவேயில்லை என்று அப்போதே கண்டித்தார்கள். குறையே இல்லாத பாத்திரத்தை எழுதுவது பெரும்பான்மைப் பார்வையாளரின் மனம் கோணாமல் இருக்கத்தான்.

2021இல் ‘தி ஃபேமிலி மேன்’ என்ற இந்தி இணையத் தொடரின் இரண்டாம் பருவம் வந்தபோது, ஈழத் தமிழரைத் தவறாகக் காட்டுகிறது என்று தமிழக அரசு தடை கோரி ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியது. தடையில் எனக்கு உடன்பாடில்லை. அதில் நடிகை சமந்தா நடித்த ஈழப் போராளிப் பெண்ணுக்குத் துயரமான பின்கதைகூட வைத்திருந்தார்கள். ஆனால் சென்னையில் வளர்ந்த சமந்தாவின் முகத்தை ஏன் கறுப்பாக்கினார்கள்? (நிலாவெளிக் கடற்கரை வெயிலில் ஒரு கிழமை நிற்க விட்டிருந்தால் ஒப்பனைச் செலவாவது மிஞ்சியிருக்கும்.)

நாடகம் பார்க்கும்போது நான் ஒன்றைத்தான் கவனிப்பேன். பெரும்பான்மை இனத்துப் பாத்திரம் எழும்பிப் போனபிறகு மற்றவர் என்ன செய்கிறார்? அநேகமாகக் காட்சியே முடிந்துவிடும். அந்தத் தமிழ் வேலையாள் சீட்டுக்காசுக்காக மனைவியோடு சண்டை பிடிப்பதை ஒருவரும் எழுதுவதில்லை. அவனுக்கு வீடே கிடையாது, நாயகனின் வாசல்தான் உண்டு. அவன் சிங்களம் கொச்சையாக இருப்பதைவிட இதுதான் என்னை உறுத்துகிறது.

இதே கணக்கை உங்கள் தொடருக்கும் போட்டுப் பாருங்கள். உங்கள் திருகோணமலை மாவட்டத்தில் எந்த இனமும் பாதியைத் தொடவில்லை. தொகையில் அதிகம் முஸ்லிம்கள்தான். நம்மவர் கதைகளிலோ கிண்ணியா முஸ்லிம் நானா கடை வைத்திருப்பார், பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவருவார், நாயகனுக்கு ஒரு உதவி செய்வார், போய்விடுவார். ஐரோப்பியர் வழிவந்த பாலையூற்றுப் பறங்கியருக்கும், மூதூர்ப் பக்கம் தமிழே பேசும் கரையோர வேடருக்கும் அந்த வட்டிலப்பக் காட்சிகூட இல்லை. கந்தளாய்ச் சிங்களவன் என்றால் வில்லன். சிங்களவரை அங்கே குடியேற்றிய அரசியலை மூடிமறைக்கச் சொல்லவில்லை, அதை எழுதத்தான் வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் வீட்டிலும் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன கதைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

முதல் அங்கம் முடிந்ததும் அனுப்புங்கள், வாசிக்கிறேன். அதற்கு முதல் கிண்ணியாவிலிருந்து ஒருவரைக் குழுவில் சேருங்கள். நடிக்க மட்டும் கூப்பிடாமல், எழுதும்போதே பக்கத்தில் இருத்துங்கள்.