லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காருக்கு எந்த ஆயில்?

கேள்வி (அம்பத்தூர்): 2011 மாடல் வேகன் ஆர், 1,30,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆயில் குறைகிறது என்றதும் மெக்கானிக், "20டபிள்யூ-50 ஊத்திடலாம் சார், கெட்டியா நிக்கும்" என்கிறார். ஜி.பி. ரோடு கடையில், அதிகம் ஓடிய வண்டிக்கான 'ஹை மைலேஜ்' ஆயிலை எடுத்துக் காட்டுகிறார்கள். விலை கூடுதல். எதை வாங்குவது?

பதில்: இரண்டையும் இப்போதே வாங்க வேண்டாம். எவ்வளவு குறைகிறது என்று முதலில் அளந்துவிடுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுக்கச் செருகி மறுபடி எடுத்துப் பாருங்கள். மேல் கோடு வரை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. ஓடியதும் அதே இடத்தில் நிறுத்தி, மேல் கோட்டைத் தொட எத்தனை மில்லி பிடிக்கிறது என்று அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். நடுவில் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பார்க்கத் தவறாதீர்கள். கீழ்க் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தப்பு. கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

100, 150 மில்லி என்றால் இந்த வயசுக்குச் சாதாரணம். இதுவரை போட்டுவந்த அதே வகை ஆயிலையே தொடரலாம். 200 முதல் 500 மில்லி வரை குடிக்கிற வண்டிக்குத்தான் ஹை மைலேஜ் ஆயிலுக்குக் கொடுக்கும் காசுக்குப் பலன் தெரியும். ஒரு லிட்டரை நெருங்கினால் எந்த டப்பாவும் காப்பாற்றாது, இன்ஜின் வேலைதான். எங்கே வேலை என்பதைப் புகை சொல்லும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். அதற்குச் சிலிண்டரைக் கடையும் போர் வேலை தேவையில்லை, செலவு அடங்கும். கத்திப்பாரா மேம்பாலம் மாதிரி ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் நீலமாகத் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

இனி அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2000-ல் வால்வோலின் கொண்டுவந்த மேக்ஸ்லைஃப்தான் இந்த வகைக்குத் தொடக்கம். 75,000 மைல் தாண்டிய இன்ஜினுக்கு என்பது அமெரிக்கக் கணக்கு. நமக்குச் சுமார் 1,20,000 கி.மீ. வெப்பத்தில் இறுகிப்போன ரப்பர் சீலை லேசாக உப்பி இளக வைக்கும் சேர்மானம், கூடுதலாக அழுக்கு நீக்கியும் தேய்மானத் தடுப்பும், கொஞ்சம் கூடுதல் தடிமன் ஆகியவைதான் இதன் சரக்கு. அந்தத் தடிமன் விஷயம் கவனிக்க வேண்டியது. 5டபிள்யூ-30 என்ற கிரேடில் (தடிமன் வகையில்) வரும் ஆயில் 100 டிகிரி சூட்டில் 9.3 சென்டிஸ்டோக்ஸும் (தடிமனை அளக்கும் அலகு) இருக்கலாம், 12.4-ம் இருக்கலாம். ஹை மைலேஜ் ஆயில்கள் பெரும்பாலும் மேல் எல்லையை ஒட்டி நிற்கும். கிரேடை மாற்றாமலேயே படலம் தடிக்கிறது.

மெக்கானிக் சொல்லும் 20டபிள்யூ-50 இதே சூட்டில் 16.3-க்கு மேல். அம்பாசடர் காலத்து இன்ஜினில் இடைவெளி அதிகம், அங்கே அது பொருந்தியது. உங்கள் கே-சீரிஸ் இன்ஜின் மெல்லிய ஆயிலுக்காகச் செய்தது. அதன் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. காலை ஸ்டார்ட்டில் தடித்த ஆயில் மேலே போய்ச் சேரும்வரை செயின் கடகடக்கும், மைலேஜும் இறங்கும். குடிப்பது கொஞ்சம் குறையலாம், ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். கையேட்டில் சொன்ன கிரேடில் ஹை மைலேஜ் கிடைக்காவிட்டால் ஒரு படி மட்டும் ஏறி 5டபிள்யூ-40 அல்லது 10டபிள்யூ-40 போடுங்கள். முதல் எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மை, இரண்டாம் எண் சூட்டில் அதன் தடிமன். சென்னைக் குளிருக்கு முதல் எண் பெரிய கவலையில்லை, நெரிசலில் ஏ.சி. போட்டு நிற்கும் வெயிலுக்கு இரண்டாம் எண்தான் முக்கியம்.

இரண்டு பிராண்டை ஒப்பிடும்போது டப்பாவின் முகப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கம்பெனி இணையதளத்தில் டேட்டா ஷீட் இருக்கும். அதில் 100 டிகிரி தடிமனையும் 'நோவாக்' எண்ணையும் தேடுங்கள். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பதே நோவாக். டப்பாவில் போட்டிருக்கும் ஏபிஐ எஸ்பி (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஆயில் தரம்) முத்திரைக்கு 15 சதவீதம்தான் உச்சவரம்பு. ஆயில் குடிக்கிற வண்டிக்கு 10-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. இந்த எண்ணையே வெளியிடாத கம்பெனியை விட, வெளியிடும் கம்பெனிக்கே எங்கள் ஓட்டு.

பணக் கணக்கு இப்படிப் போடுங்கள். லிட்டருக்கு 200 ரூபாய் கூடுதல் என்று வைத்தால், 3 லிட்டருக்கு 600. 1,000 கி.மீ.க்கு 300 மில்லி குடித்தது 150 ஆகக் குறைந்தால், 5,000 கி.மீ.யில் மிச்சமாவது முக்கால் லிட்டர். அதன் விலையும் அந்த 600-ம் ஏறக்குறைய சரிக்குச் சரி. லாபம் ஆயிலில் இல்லை, சீல் பிரிக்கும் கூலி தள்ளிப்போவதில்தான்.

கேள்வி (பெரம்பூர்): பழைய சான்ட்ரோ. பார்க்கிங்கில் தினமும் சொட்டுகிறது. ஹை மைலேஜ் ஆயில் ஊற்றினால் நிற்குமா?

பதில்: எங்கிருந்து சொட்டுகிறது என்பதைப் பொறுத்தது. இன்ஜினைத் துடைத்துவிட்டு, இரவு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து வையுங்கள். டிரெயின் போல்ட்டுக்கு நேர் கீழே கறை என்றால் வாஷரை மாற்றினால் போதும். ஃபில்டர் பக்கம் என்றால் பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புது ஃபில்டரை மாட்டியிருப்பார்கள், அடிக்கடி நடப்பது. டேப்பட் கவர் பேக்கிங் கசிந்தால் பேக்கிங்கை மாற்றுங்கள், சின்ன வேலை. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம் இருந்தால் அது பின்பக்க கிராங்க் சீல். கியர்பாக்ஸை இறக்காமல் மாற்ற முடியாது, கூலி கடிக்கும். ஹை மைலேஜ் ஆயிலை முயன்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒரே நாளில் எதிர்பார்க்காதீர்கள். 1,000, 2,000 கி.மீ. ஓடட்டும். இறுகிய சீல் இளகும். கிழிந்த சீல் ஒட்டாது.

சீலைத் தொடும் முன், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். அது அடைத்தால் இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகக்கூட ஆயிலை வெளியே தள்ளும். சீலை மாற்றிய மறு மாதமே மறுபடி கசியும் வண்டிகளில் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி (தாம்பரம்): இத்தனை வருஷம் மினரல் ஆயில். சிந்தெடிக் ஊற்றினால் லீக் ஆகும் என்கிறார்களே?

பதில்: இன்றைய சிந்தெடிக் ஆயில் சீலைக் கெடுக்காது. அழுக்கு அடைத்துக்கொண்டிருந்த ஓட்டை, அழுக்கு கரைந்ததும் வெளியே தெரியும், அவ்வளவுதான். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். மஞ்சள் பழுப்பு என்றால் தாராளமாக மாறலாம். கறுப்புக் களிம்பு அப்பியிருந்தால் இன்ஜினை உள்ளே கழுவும் ஃபிளஷ் திரவம் வேண்டாம். களிம்பு கட்டியாகப் பெயர்ந்து சம்ப்பில் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) உள்ள சல்லடையை அடைத்துவிடும். ஹை மைலேஜ் ஆயிலை 2,500 கி.மீ. மட்டும் ஓட்டி, ஃபில்டரோடு மாற்றுங்கள். இன்னொரு முறையும் அப்படியே.

கேள்வி (வேளச்சேரி): மழையில் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறியது. ஆயிலை மாற்ற வேண்டுமா?

பதில்: ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியையே போடாதீர்கள். பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தாலோ, மட்டம் ஏறியிருந்தாலோ தண்ணீர் புகுந்துவிட்டது. மலிவான ஆயிலில் இரண்டு முறையாவது கழுவி எடுத்த பிறகே நல்ல ஆயில். இன்ஷூரன்ஸ் இருந்தால் முதலில் படம் எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, டோ செய்யுங்கள்.

கேள்வி (புரசைவாக்கம்): போலி ஆயிலை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: காலி டப்பாவை வாங்கி மறுபடி நிரப்புவதே பெரும்பாலான போலியின் வழி. மூடியின் வளையம் நீங்கள் திறக்கும்போதுதான் அறுபட வேண்டும். வாய்க்கு மேல் ஒட்டிய தகடு சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். மூடியில் க்யூஆர் கோடு இருந்தால் கடையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். டப்பாவில் உள்ள பேட்ச் எண்ணை பில்லில் எழுதி வாங்குங்கள். எம்ஆர்பிக்கு மேல் கேட்டாலோ, பில் தர மறுத்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மெக்கானிக் ஷெட்டில் மாற்றினால், முத்திரை உடைவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வேலை முடிந்ததும் காலி டப்பாவில் ஆணியால் ஓட்டை போட்டுவிட்டு வாருங்கள்.