தகரப் பெட்டியில் கிடைத்த தோட்டத்துப் படங்கள்: எங்கிருந்து தொடங்குவது?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பழைய மாணவர் சங்கச் செயலாளர் ஒருவர் கேட்கிறார்: “எங்கள் கல்லூரியில் படிப்பித்த ஆசிரியர் ஒருவரின் வீட்டில் தகரப் பெட்டி நிறையப் படங்கள் கிடைத்தன. தேயிலைக் கொழுந்து நிறுவை, கல்லூரி மரக்கறித் தோட்டம், மாட்டுப்பட்டி, விளையாட்டுப் போட்டி என 1950களிலிருந்து 80கள் வரை. சிலதில் பூஞ்சணம், சிலது கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. துடைத்து, ஸ்கேன் செய்து, கண்காட்சி வைக்க ஆசை. எப்படிச் செய்வது?”

முதல் வேலை துடைப்பது அல்ல. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கிறது. ஈரத் துணி பட்டால் அது ஊறி வழுக்கும். முகம் துணியோடு வந்துவிடும். பூஞ்சணம் பிசுபிசுப்பாக இருந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. வெயில் படாத, காற்றோட்டமான அறையில் பரப்பிக் காய விடுங்கள். தூளாக உலர்ந்த பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியே வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். ஜனவரி முதல் மார்ச் வரை இதற்கு நல்ல காலம். தென்மேல் பருவ மழையில் உங்கள் பக்கத்தில் எதுவும் காயாது.

கண்ணாடியில் ஒட்டியதைப் பிரிக்க வேண்டாம். நான் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். ஒரு தாத்தாவின் பாதி முகம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பு. ஸ்கேனர் இல்லையா? மூட்டமான பகலில் ஜன்னலருகே வைத்து நல்ல போனால் எடுக்கலாம். மூட்டத்து வெளிச்சத்தில் பளபளப்பு அடிக்காது.

படத்தின் பின்புறத்தையும் கட்டாயம் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ‘ஸ்ரீ லங்கா’ என்றிருந்தால் அது பெரும்பாலும் 1972 மே மாதத்துக்குப் பிந்தியது. ‘சிலோன்’ என்றிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பழைய முத்திரையை வருடக்கணக்கில் குத்தியவர்கள் உண்டு.

இனி முக்கியமான வேலை, பெயர்கள். ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரர் கடைசிக் காலத்தை இலங்கையில் கழித்து 1879இல் இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. அவர் இங்கே எடுத்த படங்களில் இருக்கும் உள்ளூர் மக்களில் பலருக்குப் பெயரே இல்லை. தோட்டத்துப் படங்களின் கதையும் பெரும்பாலும் இதுதான்: துரைக்குப் பெயர் இருக்கும், கொழுந்துக் கூடை சுமப்பவர் வெறும் ‘தொழிலாளி’. உங்கள் பெட்டியை அப்படி விட்டுவிடாதீர்கள்.

படங்களுக்கு எண் போட்டு, பெரிதாக அச்சடித்து, தொழிலாளர் வாழும் லயத்து வரிசை வீடுகளுக்குக் கொண்டுபோங்கள். வயதானவர்களோடு உட்கார்ந்து, “பிரட்டுக்களத்துல நிக்கிறது யாரு, எந்த மலை இது?” என்று கேளுங்கள் (பிரட்டுக்களம் என்பது காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கும் இடம்), பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள். பதிவேட்டுப் பெயரோடு கூப்பிடும் பெயரையும் எழுதுங்கள், பல வேளை அதுதான் நினைவிருக்கும். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களும் இந்தப் படங்களில் இருப்பார்கள். அவர்களில் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறினார்கள். அங்கே உறவுள்ளவர்கள் உங்கள் ஊரில் நிச்சயம் இருப்பார்கள். வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் குடும்பங்களிடம் ஒரு பிரதிகூட இல்லாமல் இருக்கலாம்.

கிடைத்த பெயரைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதுங்கள். பேனா வேண்டாம், செலோடேப் வேண்டவே வேண்டாம். மூலப்படங்களைத் தனித்தனிக் காகித உறையிலிட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலுமாரியில் வையுங்கள். மணக்கும் பிவிசி உறை படத்தைக் கெடுக்கும். கோப்புகளை மூன்று இடங்களில் வைப்பது நல்லது. ‘நூலகம்’ என்ற இலங்கைத் தமிழ் இணைய ஆவணகம் போன்றவற்றோடும் பேசிப் பாருங்கள். காட்சிக்கு வைக்கும் முன் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கண்காட்சியில் மூலப்படம் வேண்டாம், அச்சுப்பிரதி போதும். பெயர் தெரியாத படங்களையும் ஒதுக்காமல் மாட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் வெற்றுத்தாள் ஒட்டி, நூலில் ஒரு பென்சிலைத் தொங்கவிடுங்கள்.