போன் கொடுத்தால் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்ட 30 போன்களும் சில லேப்டாப்களும் கிடக்கின்றன. அகதிகளுக்குக் கொடுக்கலாமா? "தங்க இடமே இல்லாதவங்களுக்கு போன் எதுக்கு?" என்று கூட வேலை பார்ப்பவர்களே கேட்கிறார்கள்.

பதில்: தாராளமாகக் கொடுங்கள். உதவி மையம் ஒன்றில் பழைய போன்களைச் சரிசெய்து கொடுக்கும் மேஜையில் நான் சில காலம் உட்கார்ந்தவன். அந்த "எதுக்கு" எனக்குப் பழகிய கேள்வி. வழி பார்க்க, பிரிந்தவர்களைத் தேட, சான்றிதழ்களின் படங்களைப் பத்திரப்படுத்த என்று எல்லாம் அந்த ஒரு கருவிக்குள்தான். கைச்செலவுக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குவரை இணைப்புக்கே போடும் அகதிகள் உண்டு என்கிறது ஐ.நா. அகதிகள் முகமையின் 2016 அறிக்கை. வேடிக்கை பார்க்கவா அவ்வளவு செலவழிப்பார்கள்?

ஆனால் கொடுப்பதிலும் கோட்டை விடலாம். நான் விட்டேன். திரை நொறுங்கிய போனோடு ஒரு பெண்மணி வந்தார். நல்ல போனாகப் பார்த்துக் கொடுத்தேன். பழையதை வாங்கி, தகவல்களை அழித்து, உதிரி பாகப் பெட்டியில் போட்டேன். புதுப் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்தால், சொந்த நாட்டு எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருப்பதாகச் சொன்னது. அந்த சிம் செயலிழந்து மாதக்கணக்காகிறது. குறியீடு எங்கே வரும்? காணாமல்போன தம்பிக்குத் தெரிந்தது அந்த ஒரே எண்தான் என்றார். பழைய போன் மட்டும் அழிபடாமல் இருந்திருந்தால், 'எண்ணை மாற்று' வசதியில் கணக்கைப் புது எண்ணுக்கு மாற்றி, தொடர்பில் உள்ளவர்களுக்கும் தெரிவித்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆகவே கொடுப்பவரிடம் சொல்லிவையுங்கள்: புதியது முழுதாக வேலை செய்யும்வரை பழையதைத் தொடக்கூடாது.

அடுத்து சிம். பல நாடுகளில் அடையாள அட்டை இல்லாமல் சிம் கிடையாது. ஓடி வந்தவரிடம் எந்த அட்டை இருக்கும்? யாரோ ஒருவர் பெயரில் வாங்கிய சிம்மில் காலம் தள்ளுவார்கள். அந்த ஆள் மனம் மாறினால் எண் போச்சு, எண்ணோடு கணக்குகளும் போச்சு. அகதிகளுக்குத் தரப்படும் சான்றுக் கடிதத்தைக் காட்டி சிம் பதிவு செய்யலாம் என்று உகாண்டா 2019-இல் வழி திறந்தது. அதே ஆண்டு வங்கதேசம், காக்ஸ் பஜாரின் ரோஹிங்கியா முகாம்களில் 3ஜி, 4ஜி இணையத்தை முடக்கியது. கொரோனா பரவிய மாதங்களிலும் முடக்கம் நீடித்து, 2020 ஆகஸ்டில்தான் திரும்ப வந்தது. அங்கே நல்ல போன் வைத்திருந்தவர் கையிலும் இருந்தது வெறும் டார்ச் லைட்தான்.

உங்கள் போன்களுக்கு வருவோம். ரீசெட் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். முதலில் கூகுள் கணக்கை நீக்குங்கள். ஐபோன் என்றால், தொலைந்த போனைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை' வசதியை அணையுங்கள். பிறகுதான் ரீசெட். மாற்றிச் செய்தால், பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு செங்கல்லாகக் கிடக்கும். எங்கள் மேஜைக்கு அப்படி எத்தனையோ வந்தன. சார்ஜரும் சேர்த்தே கொடுங்கள். பேட்டரி அரை நாள்கூடத் தாங்காதவற்றை அனுப்பவே வேண்டாம். சார்ஜ் போட வரிசையில் நிற்பவருக்கு அது உதவியல்ல, தண்டனை.

லேப்டாப்களை ஆளுக்கொன்றாகப் பிரிக்காமல், வகுப்பு நடக்கும் இடத்துக்கு மொத்தமாகக் கொடுப்பது மேல்.

கேள்வி: கொடுத்த போன்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்காணிக்க ஒரு செயலி போட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. தஞ்சம் தேடிச் சிறுபடகுகளில் வந்தவர்களின் போன்களைப் பிரிட்டன் அரசு கூண்டோடு பறிமுதல் செய்தது சட்டவிரோதம் என்று 2022-இல் லண்டன் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அரசாங்கத்துக்கே இல்லாத உரிமை நன்கொடையாளருக்கு எங்கிருந்து வரும்? அந்தச் செயலிக்கு ஆகும் பணத்தில் டேட்டா போட்டுக் கொடுங்கள்.